கடைசியாகப் புதுப்பிக்கப்பட்டது

முகப்பில் ஒரு டால்ஃபின் குதித்துக்கொண்டிருக்கிறது.
பதினாறு வருடமாக அதே குதி.
தண்ணீரில் விழுவதே இல்லை.
அதன் கீழே, பொடி எழுத்தில்,
கடைசியாகப் புதுப்பிக்கப்பட்டது: மார்ச் 2009.

முஹர்ரக்கில், மூன்றாம் மாடியில்,
ஏசி சொட்டும் வாளிக்குப் பக்கத்தில்
எனக்கொரு மேசை தந்தார்கள்.
நானூற்றுப் பன்னிரண்டு பக்கங்கள்.
எதை வைப்பது, எதை எறிவது
என்று சொல்ல ஆறு வாரம்.

இன்றைக்குக் காற்று எப்படி என்றறிய
ஏழு சொடுக்கு.
ஏழாவதில் ஒரு பிடிஎஃப் திறக்கும்,
ஒருக்களித்துப் படுத்தபடி.
கழுத்தைச் சாய்த்து வாசித்தால்
போன வருடத்துக் காற்று.

"அரபியில் பார்," என்றாள் ஃபாத்தன்.
எல்லாம் வலமிருந்து இடமாய்த் திரும்பியது.
அம்புக்குறிகள் மட்டும் திரும்ப மறந்து
வந்த வழியையே காட்டின.
சிரித்தோம்.
வெளியே ஷமால் வீசிக்கொண்டிருந்தது;
எதிர்ப் பள்ளிவாசலின் மினாரா
பாதி உயரத்தோடு நின்றுபோயிருந்தது.
திரையில்: வானம் தெளிவு.

பயனர் சோதனைக்குப் பணம் இல்லை என்றார் யாக்கூப் சார்.
வெள்ளிக்கிழமை மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு
மீன்பிடித் துறைக்குப் போனேன்.
கர்கூர் கூண்டுக்குக் கம்பி முறுக்கிக்கொண்டிருந்தான்
இனயத்துக்காரன் ததேயு.

கடல் சிவந்திருக்கிறதா என்று
இதில் கண்டுபிடி, என்றேன்.
விரலைச் சட்டையில் துடைத்தான்.
டால்ஃபினைத் தொட்டான். ஒன்றும் நடக்கவில்லை.
மறுபடி தொட்டான், கொஞ்சம் மரியாதையாக.
பிறகு வெளியீடுகள், முன்னெடுப்புகள்,
எங்கள் தொலைநோக்கு,
கோட் போட்ட ஒருவரின் வாழ்த்துச் செய்தி.
நாலரை நிமிடம்.
குறிப்பேட்டில் 'தோல்வி' என்றெழுதினேன்.
எட்டிப் பார்த்து "நானா?" என்றான்.
இல்லை, இது, என்று திரையைத் தட்டினேன்.

"போலாமா வேண்டாமான்னு
மேலேயே போட்டுட்டா போதும்க்கா.
டீசல் காசு எங்க பங்குலதான் புடிப்பாவ."

மேலேயே போட்டேன்.
ஒரு சொல், கட்டைவிரல் பருமனில்.
கூட்டத்தில் அந்தச் சொல்லுக்காக இரண்டு மணி நேரம்.
'மோசம்' வேண்டாம், 'மிதம்' என்றார்கள்.
சிவப்பு உறுத்துகிறது, சால்மன் நிறம் போடு.
மீனின் பெயரில் ஒரு நிறம்,
மீன் செத்த செய்திக்கு.
நான் சொன்னதும் யாரும் சிரிக்கவில்லை,
ஆனால் சிவப்பு தங்கிவிட்டது.

பழையதை அணைக்கும் முன் கடைசியாகத் துழாவினேன்.
'எங்களைத் தொடர்புகொள்ள' என்றொரு படிவம்.
அனுப்பினால் ஒரு ரோஜா விரிந்து நன்றி சொல்லும்.
போய்ச் சேர்ந்தது ஹமீத் என்பவரின் பெட்டிக்கு.
ஹமீதை யாருக்கும் நினைவில்லை.
திறக்கச் சொன்னேன்.
ஆயிரத்து நூற்றாறு. ஒன்றுகூடப் படிக்கப்படவில்லை.

லாட்டரி, பழைய கார்,
ஒரு பள்ளிப் பெண் ஆமைகளைப் பற்றிக் கேட்ட ஐந்து கேள்விகள்:
திங்கட்கிழமைக்குள் வேண்டும் ப்ளீஸ்
(அந்தத் திங்கள் 2013இல் வந்து போய்விட்டது).
நடுவில், ஆங்கில எழுத்தில் தமிழ்:

சார் நேத்து ராத்திரி கடல் நீலமா எரிஞ்சது
காலைல மீனெல்லாம் செத்து மிதக்கு
உங்க பக்கத்துல சாதாரணம்னு போட்டிருக்கு
யாருகிட்ட சொல்லணும்

பெயர் இல்லை. ஓர் எண் இருந்தது.
அழைத்தேன். உபயோகத்தில் இல்லை என்று
இரண்டு மொழியில் சொன்னது ஒரு குரல்.

நானூற்றுப் பன்னிரண்டு ஒன்பதானது.
அந்த நாலு வரிக்கு ஒன்பதிலும் இடமில்லை.
எக்செல்லில் 'வை', 'எறி', 'மாற்று' என்ற கட்டங்களுக்கு எதிரே
அதன் வரிசையை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன்.
யாக்கூப் சார் இருமுறை கேட்டுவிட்டார்.

புதிய படிவம், வேறு ஆள் வரும்வரை,
என் போனுக்கே வருகிறது.
திறந்த முதல் நாள், அதிகாலை மூன்றே முக்காலுக்கு
தலையணைக்கடியில் அதிர்ந்தது.
கடலோ, காற்றோ என்று பதறி எடுத்தேன்.

அக்கா ததேயு. எல்லாம் தெளிவா கெடக்கு. இன்னைக்குப் போறோம்.
அந்த மீன ஏன் எடுத்தீங்க, நல்லா சாடிட்டு கெடந்தது.

எழுந்து உட்கார்ந்து
பதில் தட்ட ஆரம்பித்தேன்.